தீயணைப்பும் அரசாங்கப் பொருளுதவியும்

திருவனந்தபுரம் மாவட்டத்திலே, அகத்தியமலைச் சாரலில் அமைந்தது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த லயங்கள் அங்கே உண்டு. கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால், மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை தீ காத்திருக்குமா? இதற்கு விடை காண, நம் நாட்டுத் தீயணைப்பு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிக்கைன்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் அதில் இருந்தது. வீரர்கள் தண்ணீரை வாரி இறைத்தனர். கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா என்று துணிந்து ஆணையிடுவார் இல்லை. கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். அந்நாளையே ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கிறோம்.

விடுதலைக்குப் பின், 1956-இல் மத்திய அரசாங்கம் ராம்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரியைத் தொடங்கியது. மறு ஆண்டு அது நாகபுரிக்கு மாறியது. கேரளத்தில் போலீஸ் இலாகாவைச் சேர்ந்திருந்த தீயணைப்புப் படை 1963-இல் தனி இலாகாவாயிற்று. செலவின் பெரும்பாரம் மாநிலங்களையே சார்ந்தது. 2023 ஜூலையில், தீயணைப்புப் பணியை விரிவாக்கிப் புதுப்பிக்க மத்திய அரசாங்கம் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. கேரளம் போன்ற மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு 25 பங்கை ஏற்கவேண்டும்.

2018-ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின், நிலையத்துக்கு 50 தொண்டர் என்ற கணக்கில் பயிற்சியளிக்கக் கேரளம் தலைப்பட்டது. இதுவே நம் வினாவுக்கு விடை. போனக்காடு போன்ற மலையூர்களில் தீயை முதலில் எதிர்ப்பவர் ஊராரே. ஆதலின், வண்டிக்கு ஒதுக்கும் பணத்தோடு அவர்தம் பயிற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதே முறையாகும்.