லண்டன் எத்தனை தூரம்?

சென்னையிலிருந்து லண்டனுக்கு ஆகாய மார்க்கமாக அளந்தால் சுமார் 5,100 மைல். நடுவில் இறங்காத விமானம் பத்துப் பதினோரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இந்தக் கணக்குக்கும் வாலிகண்டபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. வாலி சிவபெருமானைப் பூஜித்த தலம் என்பது ஐதிகம். வெள்ளைக்காரர் நாவில் ஊரின் பெயர் ‘வால்கொண்டா’ ஆகிவிட்டது. அவர்கள் அந்தப் பெயரிட்டு எழுதிவைத்த சண்டை, 1751 ஜூலையில், பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டையடியில் நடந்தது.

ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டி. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு இங்கிலீஷ்காரர் துணை. திருச்சியை நோக்கி வந்த சந்தா சாகிபை மறிக்கக் காப்டன் ஜின்ஜென் இங்கே படையோடு வந்தார். கோட்டைக் கில்லேதார் பலே கெட்டிக்காரர். ஜெயிக்கிற கட்சி எது என்று தெரிகிறவரையில் இரு தரப்புக்கும் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருந்தார். பொறுமையிழந்த இங்கிலீஷ்காரர் பேட்டைக்குத் தீ வைத்தார்கள். பேட்டை எரிந்தது, கற்கோட்டை மசியவில்லை. பிறகு சந்தா சாகிபின் படையோடு மோதியபோது வெள்ளைச் சிப்பாய்கள் பீதியடைந்து ஓட்டம் பிடித்தார்கள். ஊட்டத்தூர் வழியாகத் திருச்சி வரையில் பின்வாங்கல்தான்! அந்தப் படைக்கு உணவுப் பொருள் சேகரித்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தும் பிரான்சும் 1748 அக்டோபரிலேயே சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்டன. அதன்படி 1749-ல் சென்னை இங்கிலீஷ்காரருக்குத் திரும்பக் கிடைத்தும்விட்டது. அங்கே ராஜாக்கள் சிநேகம், இங்கே பீரங்கி. “நாங்களா சண்டை போடுகிறோம்? நவாபுகளுக்கு ஒத்தாசை செய்கிறோம்” என்பது இரு கம்பெனிகளும் சொன்ன சால்ஜாப்பு.

இதைத் தட்டிக் கேட்க வேண்டிய முதலாளிகள் லண்டனிலும் பாரிஸிலும் இருந்தார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் வந்துசேர ஆறு மாதமாவது பிடிக்கும். காற்று கைவிட்டால் கேட்கவே வேண்டாம். கிளைவ் 1743 மார்ச்சில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டவர், பிரேசிலில் ஒன்பது மாதம் மாட்டிக்கொண்டு, 1744 ஜூனில்தான் சென்னையில் கால் வைத்தார். ஒரு கேள்வி போய் அதற்குப் பதில் வர ஒரு வருஷம் என்றால், உத்தரவுக்காக யார் காத்திருப்பார்கள்? புதுச்சேரியில் டூப்ளேயும் சரி, இங்கிலீஷ் கம்பெனி கவர்னரும் சரி, மனம்போனபடி யுத்தம் நடத்தினார்கள். வாலிகண்டபுரத்துத் தோல்விக்கு இரண்டு மாதத்துக்குள் கிளைவ் ஆற்காட்டையே பிடித்துவிட்டார். முதலாளிகளைக் கேட்டா செய்ய முடியும்?

பாரிஸ் ஒருவழியாக விழித்துக்கொண்டு டூப்ளேயைத் திருப்பி அழைத்தது. அவருக்குப் பதிலாக வந்த கோதே, சண்டையை நிறுத்தும் உத்தரவோடு புதுச்சேரியில் இறங்கியது 1754 ஆகஸ்டில். அதற்குள் சந்தா சாகிபின் தலை போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரஞ்சன்குடிப் பேட்டை எரிந்து மூன்று வருஷம்.