“கம்பெனி” என்னுஞ் சொல்

அரக்கோணம் சந்திப்பில் விடியற்காலையில் நின்று நோக்குவோர்க்கு, தோளிற் பையுங் கையிற் சோற்றுப் பாத்திரமுமாக இளைஞர் பலர் விரைந்து செல்லுதல் காணப்படும். எங்கே போகின்றீர் என்று வினவினால், “கம்பெனிக்கு” என்பரேயன்றி, ஆலைக்கு என்பார் அரியர். கடைத்தெருவிற் புகுந்தால், “இது கம்பெனி சரக்கு” என்று வியாபாரி தம் பொருளுக்கு ஏற்றங் கூறுகின்றார். கல்யாண வீட்டில் முதியவர் ஒருவர், “சற்று இருந்து எமக்குக் கம்பெனி கொடும்” என்று உறவினரைக் கைப்பிடித்து நிறுத்துகின்றார். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதவரும் நாள்தோறும் வழங்கும் இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். அவ்வாராய்ச்சி பொழுதுபோக்கிற்காக மாத்திரமன்று என்பது முடிவில் விளங்கும்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. ‘உடன்’ என்னும் பொருள்படும் ஓர் உருபும், ‘அப்பம்’ என்னும் பொருள்படும் ஒரு சொல்லும் சேர்ந்து, ‘கூடியிருந்து அப்பம் உண்போர்’ என்னுங் கருத்தைத் தந்தன. நம் வழக்கிற் கூறின், ஒரே பந்தியில் இலையிட்டு உண்பவரே கம்பெனியார். அதிலிருந்து தோழமை என்றும், போர்வீரர் குழு என்றும், பின்னர் முதலைத் திரட்டி வாணிகஞ் செய்யுங் கூட்டத்தார் என்றும் பொருள் விரிந்தது.

கூடி வாணிகஞ் செய்தல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. வழிச் செல்லும் வணிகர் கூட்டத்தைச் சாத்து என்றனர் பண்டைத் தமிழர். மணிக்கிராமத்தாரும் திசையாயிரத்து ஐந்நூற்றுவரும் கடல் கடந்தும் வாணிகம் நடத்தினர்; ஐந்நூற்றுவரைக் குறிக்கும் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று சுமத்திரா தீவில் பாரூஸ் அருகே கிடைத்துள்ளது. ஆயினும் அச்சொற்கள் நூல்களிலும் கல்வெட்டுக்களிலும் தங்கிவிட, மேனாட்டுச் சொல்லே நாவில் நிலைத்துவிட்டது. அதற்குக் காரணம் யாது?

1600 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் இலண்டன் வணிகர் பெற்ற பட்டயமே காரணம். அக்கிழக்கிந்தியக் கம்பெனி 1639 இல் சென்னையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டியது. தமிழர் அதனைக் கும்பினி என்றனர். வடவெல்லையில் நம்மோடு கலந்து வாழுந் தெலுங்கரும் ஏறக்குறைய அவ்வாறே திரித்து வழங்கினர். வியாபாரக் கூட்டம் வரி வாங்கவும், பட்டாளம் நடத்தவும், நீதி செலுத்தவும் தொடங்கவே, “கும்பினியார்” என்று மரியாதைப் பன்மையுஞ் சேர்ந்தது. இவ்வாறாகக் கம்பெனி என்னுஞ் சொல் நம்மிடம் வியாபாரப் பெயராக வந்து, அதிகாரப் பெயராக வேரூன்றிற்று. 1858 இல் ஆட்சி அரசியார் கைக்கு மாறியது. 1874 இல் அக்கம்பெனியே கலைக்கப்பட்டது. சொல்லைப் பற்றிய அச்சமும் நம்பிக்கையும் மட்டும் கலையவில்லை.

அந்நம்பிக்கையை நம்மூரில் வளர்த்தது இருப்புப்பாதை. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856 ஜூலை முதல் நாள் திறக்கப்பட்ட பாதை அரக்கோணத்தின் வழியே சென்றது. அதனை அமைத்தது சென்னை ரெயில்வே கம்பெனி. 1865 இல் இந்தியன் டிராம்வே கம்பெனி என்னும் வேறொன்று அரக்கோணத்திற்கும் காஞ்சீபுரத்திற்குமிடையே சிறு பாதை அமைத்தது. அது பின்னர், 1874 இல் தோன்றிய தென்னிந்திய ரெயில்வே கம்பெனியிற் சேர்ந்தது. 1908 இல் சென்னை ரெயில்வே, தென் மராட்ட ரெயில்வேயோடு இணைந்து புதுக் கம்பெனியாயிற்று. ஒரு பாதை அகலம், மற்றொன்று குறுகலாதலின், ஒரு கம்பெனியின் வண்டியில் வந்த சரக்கை இறக்கி மற்றொரு கம்பெனியின் வண்டியில் ஏற்றவேண்டியிருந்தது. வடக்கே திருத்தணி முருகன் சந்நிதிக்குச் செல்லும் அடியாரும், தெற்கே காஞ்சிக்குச் செல்லும் யாத்திரிகரும் மாறியேறியது இரு கம்பெனிகளின் வண்டிகளிலேயாம். 1944 இல் இரண்டையும் அரசாங்கம் ஏற்றது; 1951 இல் தென்னக ரெயில்வே பிறந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அவ்விருப்புப்பாதைக் கம்பெனிகளில் முதலிட்ட சீமைப் பங்குதாரருக்கு, வருமானங் குறைந்தாலும் வட்டி குறையாதென அரசாங்கம் உறுதி தந்திருந்தது. குறைவை நிரப்பியது இந்நாட்டார் வரிப்பணம். “கம்பெனி என்றால் பணம் போகாது” என்னும் எண்ணம் அவர்வரையில் மெய்யே. நமக்கு அத்தகைய உறுதியை எவருந் தரவில்லை.

1906 அக்டோபர் 22 ஆம் நாள், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. உத்தியோகஸ்தர், விதவைகள், கோயில் தருமகர்த்தாக்கள் என ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு மூழ்கியது. தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். பணமோ முழுதும் திரும்பவில்லை. பெயரிற் கம்பெனி என்றிருந்தும் அது கூட்டாளிகள் சிலர் நடத்திய கூட்டு வியாபாரமேயன்றி, பங்குகளால் அமைந்த கம்பெனியன்று. அவ்வக்டோபர் மாதத்திலேயே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார்; பங்கொன்று ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டிலே வி. கிருஷ்ணசாமி ஐயரவர்கள் முதலியோர் முயற்சியால் இந்தியன் பாங்கி தோன்றியது. ஒரே சொல் மோசத்திற்கும் முயற்சிக்கும் ஒருங்கே பெயராயிற்று!

இனி, நாம் இதனை எழுதப் புகுந்த காரணத்தைக் கூறுவோம். நம்மவருள் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பெண்ணின் கல்யாணத்திற்கென வைத்திருந்த தொகையை மாதவட்டி ஆசைகாட்டிய ஒரு நிதி நிறுவனத்தில் இட்டார். நாம் தடுத்தபோது, “பலகையில் லிமிடெட் என்று பெரிய எழுத்தில் இருக்கின்றதே, இதைவிட உறுதி வேண்டுமோ?” என்றார். எட்டு மாதம் வட்டி வந்தது; ஒன்பதாம் மாதம் பலகையே இல்லை. கல்யாணம் நின்றது.

அன்பர்களே, ‘லிமிடெட்’ என்பதற்குப் பொருள் ‘அளவுக்குட்பட்ட பொறுப்பு’ என்பதாம். இந்நாட்டில் 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை வந்தது. கம்பெனி முறிந்தால், பங்குதாரர் தாம் பங்கிற்கெனக் கொடுக்கவேண்டிய தொகைக்குமேல் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர்; அவருடைய வீடும் நிலமும் பொதுவாகத் தப்பும். ஆகவே அச்சொல் பங்கிட்டவருக்குக் காப்பு. கடன் கொடுத்தவருக்கு எச்சரிக்கை. நம் பெரியவர் எச்சரிக்கையை உறுதிமொழியாகப் படித்துவிட்டார்! அவர் மாத்திரமோ? வட மாவட்டங்களில் அண்மையாண்டுகளில் இங்ஙனம் இழந்த குடும்பங்கள் பலவென்பதை யாவரும் அறிவர். வைப்பிட்டாரைக் காக்க 1997 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு; அது பணம் போனபின் நாடும் வழியேயன்றிப் போகாமற் காக்கும் பூட்டன்று.

ஆதலின் பெயர்ப்பலகையைக் கண்டு மயங்காது மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். அது சட்டப்படி பதிவானதோ? பொதுமக்களிடம் வைப்பு வாங்க அதற்கு அனுமதி உண்டோ? அவ்வளவு வட்டி எந்த வியாபாரத்தின் இலாபத்திலிருந்து வருகின்றது? மூன்றாவது வினாவிற்கு நேர்விடை கிடையாதெனின், அங்கே ஒரு ரூபாயும் வைக்கலாகாது.

ஒரு பந்தியில் உண்பவர் என்பதே இச்சொல்லின் முதற்பொருள் என்றோம். இலையிற் பரிமாறப்படுவது யாதென்றும், அது யாருடைய அடுப்பில் வெந்ததென்றும் அறியாமல் எந்தப் பந்தியிலும் அமராதிருப்போமாக.