உப்பு வெளியில் ஒரு நீச்சல் டவுசர்

1955-ல் ஸ்டீவனேஜில் பிலிப் வின்சென்ட்டின் தொழிற்சாலை பைக் தயாரிப்பை நிறுத்திய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் 1948 செப்டம்பர் 13-ஐத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அமெரிக்காவில் போனவில் உப்பு வெளி. பைக் பந்தயக்காரர் ரோலி ஃப்ரீக்கு வயது 47. ஹார்லி-டேவிட்சன் மீது பழைய வன்மம் கொண்டவர். அமெரிக்க பைக் வேகச் சாதனையோ ஹார்லியிடம், மணிக்கு 136 மைல். அதை வின்சென்ட்டின் 998 சிசி பைக்கில் உடைத்தாயிற்று. ஆனாலும் 150-ஐ எட்ட முடியவில்லை. காற்று தோல் உடையைக் கிழித்திருந்தது. மனிதர் அதைக் கழற்றி எறிந்தார். நீச்சல் டவுசர், குளியல் தொப்பி, இரவல் கேன்வாஸ் ஷூ, அவ்வளவுதான். சீட் கிடையாது. பின் மட்கார்டு மேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டார். தலையைத் தூக்கினால் காற்று தடுக்கும். எனவே உப்பின் மேல் போட்டிருந்த கறுப்புக் கோட்டை மட்டுமே பார்த்து விரட்டினார். 150.313 மைல்! ஏறக்குறைய 242 கிலோமீட்டர்.

அந்த ஓட்டத்தின்போது எடுத்த புகைப்படத்தைப் பார்ப்பவர்கள் ஃப்ரீயைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அவருக்கு அடியில் இருப்பதுதான் பெரிது. அர்ஜென்டினாவில் பண்ணை வைத்திருந்தவரின் மகன் வின்சென்ட். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைக்கும் முறையை யோசித்து, 1928-ல் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டில் குடும்பப் பணத்தில், நொடித்துப்போன எச்.ஆர்.டி. பைக் கம்பெனியின் பெயரையும் வாங்கினார். பின்சக்கரம் ஆடினால் ஆபத்து என்று பைக் உலகமே பயந்த காலம் அது. அவர் அசையவில்லை. 1934-ல் மேன் தீவுப் பந்தயத்தில் வெளியே வாங்கிய எஞ்சின்கள் காலை வாரின. இனி எஞ்சினும் நம்முடையதே என்று இறங்கிவிட்டார். கூட நின்றவர் ஆஸ்திரேலியர் ஃபில் இர்விங். இவர் இல்லையென்றால் வின்சென்ட் வெறும் பிடிவாதக்காரப் பணக்காரப் பையனாகவே முடிந்திருப்பார் என்பது என் கட்சி.

போருக்குப் பிறகு இருவரும் வழக்கமான ஃபிரேமையே தூக்கிவிட்டார்கள். எஞ்சினே பைக்கின் உடம்பு. மேலே முதுகெலும்பாக ஓடும் பெட்டியே ஆயில் டேங்க். பின்னால், அந்த மாணவன் யோசித்த அதே ஸ்பிரிங். அது இல்லாமல் அந்த வேகத்தில் ஃப்ரீ அப்படிப் படுத்திருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஃப்ரீயின் சாதனைக்கு மறு வருஷமே கம்பெனி ரிசீவர் கைக்குப் போனது. இத்தனை நல்ல பைக்கைச் செய்தவருக்குக் கையில் காசு நிற்காமல் போனது ஏன் என்ற கணக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)