மட்டை வீச்சும் சமன்பாடும்

பேஸ்பாலில் பந்தெறிபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே சுமார் 18 மீட்டர் தூரம். விரைவுப் பந்து அதைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பதோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறு பொழுதில் என்ன நடக்கிறது என்பதை ஆடுபவர் சொல்வதா, ஆய்வாளர் சொல்வதா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிவிட்டது.

1921இல் கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் ஆய்வகம் பேப் ரூத்தைச் சோதித்தது. கண்ணும் செவியும் கையும் சராசரி மனிதரைவிட விரைவாக இயங்குகின்றன என்று முடிவு வந்தது. அவர் எப்படி அடிக்கிறார் என்பது அப்படியே எஞ்சியது.

அதற்கு விடை தேடியவர்கள் ஆட்டக்காரர்களே. 1941இல் .406 சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ், 1970இல் வெளியான ‘அடித்தலின் அறிவியல்’ நூலில், கிடையாக வீசு என்ற பழைய போதனையை மறுத்தார். பந்தெறிபவர் மேட்டில் நிற்கிறார். பந்து கீழ்நோக்கி வருகிறது. ஆகவே மட்டை சற்றே மேல்நோக்கிப் போகவேண்டும் என்பது அவர் வாதம். விசை இடுப்பின் சுழற்சியில் பிறக்கிறது என்றார். பயிற்சியாளர் சார்லி லாவோ சிறந்த மட்டையாளர்களின் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, முன்காலுக்கு எடையை மாற்றுவதே அடிப்படை என்றார். அவருடைய மாணவர் ஜார்ஜ் பிரெட் 1980இல் .390 எடுத்தார். இருவருமே கூர்ந்து பார்த்தவர்கள், கண்டது வேறுவேறு.

இயற்பியல் முறையாக உள்ளே வந்தது 1987இல். மறுமலர்ச்சிக்கால இலக்கிய அறிஞரும் நேஷனல் லீக் தலைவருமான பார்ட் ஜியமாட்டி, யேல் பேராசிரியர் ராபர்ட் அடேரை லீகின் இயற்பியலாளராக நியமித்தார். அடேரின் நூல் 1990இல் வந்தது. பந்து மிகத் தொலைவு போக, அதன் மையத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 9 பாகை மேல்நோக்கி மட்டை வரவேண்டும் என்று 2003இல் சாவிக்கி, ஹப்பர்ட், ஸ்ட்ராங்க் மூவரும் கணக்கிட்டனர். வில்லியம்ஸ் மைதானத்தில் கண்டடைந்ததைச் சமன்பாடு முப்பது ஆண்டுகள் கழித்து வந்தடைந்தது.

எனினும் மட்டை எங்கே இருக்கவேண்டும் என்பதோடு அக்கணக்கு நின்றுவிடுகிறது. உடல் அதை அங்கே கொண்டுசேர்க்கும் வழியை அறிய, தேர்ந்தவர் ஆடுவதைப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அவர் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. மட்டையில் படும்வரை பந்தைப் பார் என்பது தலைமுறைகள் கடந்த அறிவுரை. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரரின் கண்கூட, பந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தொலைவில் இருக்கும்போதே அதைத் தவறவிடுகிறது என்று 1984இல் பாஹிலும் லாரிட்ஸும் காட்டினர். அதன்பிறகு வருவது உடலின் ஊகம்.

2015 முதல் பெரிய லீக் மைதானங்கள் அனைத்திலும் ஒவ்வொரு பந்தின் எழுகோணமும் கருவிகளால் அளக்கப்படுகிறது. தேர்ந்தவரின் சொல்லைச் சோதித்துப் பார்க்க அந்த எண்கள் போதும். அவருடைய உடல் அறிந்திருப்பதைக் கற்க விரும்புபவர் இன்றும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.