எழுபதும் ஐம்பதும்: ஒரு கார்க் கண்ணாடி விதியின் வரலாறு

பழைய காரின் கண்ணாடியில் வெயில் தடுக்கும் படலம் ஒட்டலாமா என்னும் கேள்விக்கு இலட்சத்தீவில் சொல்லக்கூடிய விடையை, அதே உறுதியோடு அந்தமானில் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள். இரண்டுக்கும் விதி ஒன்றே. அதிலுள்ள எண்களும் ஒன்றே. அந்த எண்கள் எதன்மேல் நிற்கின்றன என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளும் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. கண்ணாடியைப் பற்றிப் பேசுவது 100ஆம் விதி. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் தம்மீது விழும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காட்டையும் உள்ளே விடவேண்டும் என்றது அது. கண்ணாடி அத்தகையதாய் இருக்கவேண்டும், அந்நிலையிலேயே பராமரிக்கப்படவும் வேண்டும் என இரு வினைகளை அவ்விதி அடுத்தடுத்து வைத்தது. பின்னாளில் எழுந்த வழக்குகள் பெரும்பாலும் இவ்விரு வினைகளைச் சுற்றியே நிகழ்ந்தன.

விதி இருந்தும், செய்தித்தாள்கள் ‘கறுப்பு ஸ்டிக்கர்’ என எழுதிய படலம் நாடெங்கும் பரவியது. வெயிலுக்காக ஒட்டியவர் உண்டு. மதிப்புக்காக ஒட்டியவரும் உண்டு. உள்ளே இருப்பவர் வெளியே தெரியாத கார்கள் குற்றங்களுக்குத் துணையாகின்றன என்று அவிஷேக் கோயங்கா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான மூவர் அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. விதி பேசுவது கண்ணாடியைப் பற்றியே. கண்ணாடி உருவாகும்போதே அந்த ஒளி அளவைப் பெற்றிருக்கவேண்டும். அதன்மேல் பிறகு ஒட்டப்படும் எந்தப் பொருளையும் விதி ஏற்கவில்லை என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. ஆகவே 70 விழுக்காடு ஒளி விடும் படலமும் 5 விழுக்காடு விடும் படலமும் ஒருசேரத் தடைக்குள்ளாயின. மே 4 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பைத் திருத்தக் கோரிய மனுக்களை அவ்வாண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

அடுத்த திருப்பம் ஒரே சொல்லால் நேர்ந்தது. 2020இல் திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, ‘பாதுகாப்புக் கண்ணாடி’யுடன் ‘சேஃப்டி கிளேஸிங்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2019ஆம் ஆண்டுத் தரநிலையோ, உட்புறத்தில் நெகிழிப் படலம் பொருந்திய கண்ணாடியையும் பாதுகாப்புக் கண்ணாடியின் ஒரு வகையாகவே கணக்கிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்த கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ், 70, 50 என்னும் வரம்புகளுக்கு உட்பட்டுப் படலம் பொருத்தும் உரிமை வாகன உற்பத்தியாளருக்கு மட்டும் உரியதன்று, உரிமையாளருக்கும் உண்டு என 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தார்.

இலட்சத்தீவு கேரள உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் அடங்கும். அந்தமானோ 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்டது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில் அதன் சுற்றமர்வு கூடுகிறது. அங்கே கேரளத் தீர்ப்பு எடுத்துக்காட்டத்தக்க ஒரு கருத்து, கட்டுப்படுத்தும் ஆணையன்று. சாலையில் வண்டியை நிறுத்தும் காவலர் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டினால், உரிமையாளர் 2021ஆம் ஆண்டு விதியைச் சுட்டலாம். ஆயினும் வழக்காடும் சுமை அவருடையது.

பழைய காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. படலத்தின் உறையில் அச்சிட்ட எண் படலத்துக்கு மட்டுமே உரியது; வரம்போ கண்ணாடியும் படலமும் சேர்ந்து விடும் ஒளிக்கு உரியது. ஏற்கெனவே பச்சைச் சாயம் கலந்த கண்ணாடி 75 விழுக்காடு ஒளி விடுவதாகக் கொண்டால், அதன்மேல் 70 விழுக்காட்டுப் படலம் ஒட்டியபின் எஞ்சுவது ஏறத்தாழ 52.5. பக்கக் கண்ணாடியில் அது வரம்பை மயிரிழையில் தாண்டும், முன்கண்ணாடியில் தோற்கும். ‘50’ என எழுதிய படலமோ அதே பக்கக் கண்ணாடியை 37.5க்கு இறக்கிவிடும். ஆண்டுகள் ஏற ஏற விழும் கீறலும் மங்கலும் இந்த அளவை மேலும் குறைக்கும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வுக்குக் காட்டவேண்டும். கண்ணாடியின் நிலை கேள்விக்குள்ளாகும் இடம் அது.

கறுத்த படலமே குளிர்ச்சி தரும் என்பதும் பிழையான நம்பிக்கை. வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்கும் படலம் ஏறத்தாழத் தெளிவாகவே இருக்கமுடியும்.

அந்தமானில் இந்த எண்களுக்குத் தனிப் பொருளுண்டு. போர்ட் பிளேர் கிழக்குத் தீர்க்கரேகை 92 பாகைக்கு அப்பால் இருக்கிறது. கடிகாரமோ 82½ பாகைக்கு உரிய இந்திய நேரத்தைக் காட்டுகிறது. ஆகவே நவம்பரிலும் டிசம்பரிலும் மாலை ஐந்து மணியை ஒட்டியே கதிரவன் மறைந்துவிடுகிறான். பணிமுடிந்து வீடு திரும்பும் நேரம் அங்கே இருட்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் தொட்டுச் செல்லும் தீவுகளாதலால் ஆண்டின் பெரும்பகுதியில் மழையும் உடன் சேரும். ஏப்ரலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும் வெயிலை மட்டும் எண்ணிப் படலம் தேர்பவர், டிசம்பர் மாலையில் சாலையைக் கடக்கும் ஒருவரைக் காணத் தவறக்கூடும்.

முன்கண்ணாடியைத் தொடாமல் விடுவதும், பக்கக் கண்ணாடிக்கு இருமடங்கு தெளிவான படலத்தைத் தேர்ந்து, ஒட்டியபின் கருவியால் அளந்து பார்ப்பதும் இன்றைய நிலையில் விவேகம். வழக்குக்கே இடமளிக்க விரும்பாதவருக்கு, எதையும் ஒட்டாத கண்ணாடியே 1989 முதல் இன்றுவரை எல்லா வாசிப்புகளுக்கும் பொருந்தி வந்திருக்கிறது.