வெளிநாட்டு மோட்டாரை மலேசியாவுக்குக் கொண்டுவரலாமா? கப்பல் ஏற்றும் முன் இதைப் படிங்க

சென்னையில் படிப்பு முடிந்தது. மூன்று வருஷம் ஓட்டின புல்லட்டை விட்டுட்டு வர மனசு வரல. மெல்பர்னிலோ லண்டனிலோ வேலை பார்த்துத் திரும்புபவர்களுக்கும் இதே கேள்விதான்: சொந்த மோட்டாரை கிள்ளான் வீட்டுக்கே அனுப்ப முடியுமா?

முடியும். ஆனால், மோட்டார் துறைமுகத்துக்கு வந்த பிறகு பேப்பரைப் பார்த்துக்கலாம் என்று இருந்தால் பணமும் போகும், மோட்டாரும் போகும்.

முதலில் ஏபி

மலேசியாவுக்குள் மோட்டார் வாகனம் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். நாம் ஏபி என்று சொல்வது இதைத்தான். வழங்குவது மித்தி, அதாவது முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு.

வெளிநாட்டில் படித்த, வேலை செய்த மலேசியர்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு இதைக் கேட்கலாம். இரண்டு நிபந்தனைகள் முக்கியம்:

- அந்த நாட்டில் சட்டப்படி குறைந்தது 1 வருடம் தங்கியிருக்க வேண்டும்.
- வாகனம் குறைந்தது 9 மாதம் உங்கள் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும்.

ஆக, ஊர் திரும்பும் மாதத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய மோட்டாருக்கு இந்த வழி இல்லை. நண்பர் பெயரில் உள்ள மோட்டாருக்கும் இல்லை. ஏபி கையில் கிடைத்த பிறகே கப்பலில் ஏற்றுங்கள். அங்குள்ள பதிவுப் புத்தகம், வாங்கிய ரசீது, விசா பக்கங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வரி எப்படி ஏறுகிறது?

நீங்கள் கொடுத்த விலைக்கு மட்டும் வரி கிடையாது. மோட்டாரின் மதிப்பு, கப்பல் கட்டணம், காப்புறுதி மூன்றையும் கூட்டித்தான் சுங்கத்துறை கணக்கைத் தொடங்கும். அதன்மேல் இறக்குமதி வரி, பிறகு கலால் வரி, கடைசியாக 10% விற்பனை வரி. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைச் சேர்த்த தொகையின்மேல் போடப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த மதிப்பு 10,000 ரிங்கிட் என்று வையுங்கள். இறக்குமதி வரி 30% என்றால் 13,000 ஆகும். அதற்கு 20% கலால் வரி சேர்ந்தால் 15,600. விற்பனை வரியோடு 17,160 ரிங்கிட். 30, 20 இரண்டும் புரிவதற்காக எடுத்த எண்கள்தான். உங்கள் மோட்டாருக்கான விகிதம் எஞ்சின் அளவையும், தயாரான நாட்டையும் பொறுத்து மாறும். அதை முன்கூட்டியே சுங்கத்துறையிடம் கேளுங்கள்.

துறைமுகத்திலிருந்து சாலைக்கு

கிள்ளான் துறைமுகத்துக்கு வந்ததும் கே1 பாரத்தில் சுங்க அறிவிப்பு செய்ய வேண்டும். பெரும்பாலும் ஏஜெண்ட் மூலம்தான் இது நடக்கும். பேப்பர் தாமதமானால் கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும்.

வரி கட்டி எடுத்த பிறகும் உடனே பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு ரவுண்ட் போக முடியாது. வாகனப் பரிசோதனையில் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் பத்திரங்களோடு ஒத்துப்போக வேண்டும். ஜேபிஜே பதிவு, காப்புறுதி, ரோட் டாக்ஸ் எல்லாம் முடிந்தால்தான் சாலைக்கு எடுக்கலாம்.

லைசன்ஸையும் பாருங்கள். பி2 வைத்திருப்பவர் 250 சிசி வரைதான் ஓட்டலாம். புல்லட் 350 அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

"கிராண்ட் அப்புறம் வரும்" என்றால்?

வாங்காதீங்க. இணையத்தில் பாதி விலைக்கு வரும் சயாம் மோட்டார்களில் சிக்கல் இங்கேதான். வரி கட்டாமல் வந்த பொருள் என்று தெரிந்தே வைத்திருப்பதும் 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி குற்றம். மோட்டாரும் பறிமுதல் ஆகும். விற்றவரை அப்புறம் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

அதைவிடப் பெரிய ஆபத்து விபத்துதான். பதிவு இல்லாத மோட்டாருக்கு முறையான காப்புறுதி கிடைக்காது. யாரையாவது மோதிவிட்டால் நஷ்டஈட்டுச் சுமை உங்கள் தலையில்தான்.

அப்போ கொண்டுவருவது லாபமா?

ஏபி, கப்பல், வரி, ஏஜெண்ட், பதிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதே மாடல் இங்கே என்ன விலை என்று பக்கத்தில் எழுதுங்கள். ராயல் என்பீல்ட் மலேசியாவிலேயே அதிகாரபூர்வமாக விற்கப்படுகிறது. உதிரிப்பாகமும் சர்வீஸும் இங்கேயே கிடைக்கும். நினைவுக்காகத்தான் வேண்டும் என்றால் கொண்டுவாருங்கள். காசு மிச்சமாகும் என்றால், முதலில் அந்தத் தாளைப் பாருங்கள்.