வீட்டில் மண் வெட்ட எக்ஸ்கவேட்டரை அழைக்கும் முன்

சமையலறையைப் பின்புறம் நீட்டுவது, மழைநீர் தேங்கும் இடத்தை மண் கொட்டி உயர்த்துவது, பழைய கழிவுத் தொட்டியை மாற்றுவது, சிறிய மீன் குளம் வெட்டுவது. ஈப்போ தாமான்களிலும் பழைய தோட்டப்புற வீடுகளிலும் இத்தகைய வேலைகளுக்குத்தான் எக்ஸ்கவேட்டரை அழைக்கிறோம். வேலை ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடிந்துவிடும். ஆனால், அதற்குப் போடும் பணம் பல குடும்பங்களில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்ததாக இருக்கும். வேலை தவறினால் தரை இறங்கும், சுவர் வெடிக்கும், சில வேளை பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்தே வெடிக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதுதான் குத்தகையாளரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி. நிலத்தை வந்து பார்ப்பீர்களா என்று கேட்பதே சரியான தொடக்கம். வராமலேயே தொலைபேசியில் விலை சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது. பேராவில் அதற்குத் தனிக் காரணமே உண்டு.

கிந்தா பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அது சமதளமாக இருப்பதில்லை. ஊசி முனைபோல் ஓரிடத்தில் மேலெழுந்தும், அடுத்த சில அடிகளில் ஆழமாக இறங்கியும் கிடக்கும். நீர் கரைத்த வெற்றிடங்களும் உள்ளே இருக்கும். ஆழமாக வெட்டிவிட்டு நாள்கணக்கில் நீரை இறைத்தால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, மேலுள்ள மண் அந்த வெற்றிடங்களுக்குள் சரியக்கூடும். ஆகவே, குழியில் நீர் ஊறினால் என்ன செய்வீர்கள் என்று குத்தகையாளரிடம் கேளுங்கள். "பம்ப் போட்டு இழுத்துடலாம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் யோசிக்க வேண்டும்.

அந்தப் பாறைக்கு மேலே ஈயம் எடுத்த நிலம். மண்ணை நீரால் கரைத்து ஈயத்தைப் பிரித்தபின், மணல் ஒரு பக்கமும் மெல்லிய சேறு இன்னொரு பக்கமும் ஒதுங்கின. மணல் படிந்த இடம் வீட்டுக்கு ஓரளவு தாங்கும். சேறு படிந்த இடமோ மேலே காய்ந்து புல் முளைத்துப் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். எடை ஏறினால் ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பழைய ஈயக் குட்டையை மண் கொட்டித் தூர்த்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். கொட்டிய மண் அடிச்சேற்றைப் பக்கவாட்டில் தள்ளிவிடுமே தவிர, சேறு அங்கேயேதான் இருக்கும். பக்கத்துப் பக்கத்து மனைகளிலேயே மண் வேறுபடும் என்பதால், அண்டை வீட்டில் பிரச்சினை வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

இதைக் கண்டறிய பெரிய செலவு தேவையில்லை. வேலை நடக்கும் இடத்தின் மூலைகளில் இடுப்பளவு சோதனைக் குழி வெட்டிப் பார்க்கலாம். அறையோ சுவரோ எழுப்புவதானால் மெக்கிந்தோஷ் புரோப் சோதனை உதவும். இரும்புக் கம்பியின் மேல் 5 கிலோ சுத்தியலை விழவைத்து, ஒவ்வோர் அடி இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அடியில் இருப்பது இளகிய மண். அதற்குமேல் என்ன அடித்தளம் போடுவது என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும். நிலத்தின் பழைய வரலாறு தெரியவில்லை என்றால், ஈப்போவில் உள்ள கனிமவள, புவி அறிவியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் சிக்கல் வேறு விதம். பால்மரங்களைச் சாய்த்தபின் அடிக்கட்டைகளை அங்கேயே புதைத்துவிட்டிருந்தால், அவை மெல்ல மக்கி மேலுள்ள தரை குழிவிழும். கறையானுக்கும் அது உணவு. லயங்கள் இருந்த இடமென்றால் பழைய கழிப்பறைக் குழியோ மூடிய கிணறோ இருக்கக்கூடும். அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டச் சொல்லுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் அவர் நினைவில் இருக்கும். கட்டைகளை வேரோடு எடுத்து வெளியேற்றுவதா, ஓரமாகப் புதைப்பதா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். வாடகை மணிக்கா, நாளுக்கா, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வண்டியை லோரியில் ஏற்றி இறக்கும் கூலியும் டீசலும் அதில் அடக்கமா என்பது அடுத்த கேள்வி. ஏமாற்றம் அதிகம் நேர்வது மண் லோரிக் கணக்கில்தான். வெட்டிய மண் உப்பும். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழக் குளம் என்றால் 36 கன மீட்டர். வெட்டி எடுத்தபின் அது ஏறத்தாழ 45 கன மீட்டராகிவிடும். 5 கன மீட்டர் ஏற்றும் லோரிக்கு ஒன்பது நடை. ஏழு நடை என்று பேசிவிட்டு ஒன்பதுக்குப் பணம் கேட்டால் அது ஏமாற்று அல்ல. கணக்கை முன்கூட்டியே சொல்லாததுதான் குறை. மண் கொட்டி உயர்த்தும் வேலையில் இது தலைகீழ். கொட்டிய மண் அமுங்கும். ஓரடிக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கச் சொல்லுங்கள். மொத்தமாகக் கொட்டி, மேலே வண்டியை ஓட்டிவிட்டுப் போவது வேலையாகாது.

வரிசை வீடுகளின் பின்சந்துக்குள் சிறிய எக்ஸ்கவேட்டர் மட்டுமே நுழையும். தாமான் சாலையில் இரும்புச் சங்கிலி வண்டி ஓடினால் தார் பெயர்ந்துவிடும். ரப்பர் சங்கிலி கேளுங்கள். ஈப்போவில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும் மழை மிகுந்தவை. ஆழமான குழி வேலையை அப்போது தள்ளிப்போடலாம்.

அனுமதி விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறோம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி, மண் வேலையைத் தொடங்குமுன் ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். வெட்டுவது, சமப்படுத்துவது, மண் நிரப்புவது எல்லாமே இதில் அடங்கும். ஈப்போவுக்கு மாநகர் மன்றம், சுங்கை சிப்புட்டுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். மண்ணை உங்கள் நிலத்துக்கு வெளியே கொண்டுபோவதற்கு நில அலுவலகத்தின் 4சி அனுமதி தேவை. மண் எங்கே போகிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரவோடு இரவாக ஆற்றோரம் கொட்டினால் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரலாம்.

பக்கத்து நிலத்துக்கு உங்கள் மண் இயல்பாகத் தரும் தாங்குதலைக் கெடுக்கக் கூடாது என்பது தேசிய நிலச் சட்டத்தின் 44ஆவது பிரிவு தரும் உரிமை. வேலிக்கு அருகில் வெட்டுவதானால் முதல் நாளே அண்டை வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை, வீட்டாரை உடன் வைத்துக்கொண்டே, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எல்லைக் கல் தெரியவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பேரா நீர் வாரியத்திடமும் மின் கம்பிக்குத் தெனாகா நேஷனலிடமும் கேட்கலாம். கழிவுத் தொட்டி எங்கே என்பதை வீட்டுக்காரர்தான் காட்ட வேண்டும். நெஞ்சளவு குழிக்குள் சாய்வோ முட்டுக்கொடுப்போ இல்லாமல் யாரையும் இறங்கவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும்.

குத்தகையாளர் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டின் சட்டம். வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வண்டி அவருடையதா, இடைத்தரகராக நின்று வேறொருவரை அனுப்புகிறாரா என்றும் கேளுங்கள். தரகராக இருந்தால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நம்மிடையே "தெரிஞ்ச பையன்தான், கோயில்ல பார்க்கிற ஆள்தான்" என்று காகிதமே இல்லாமல் பணம் கைமாறுகிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும், வேலையின் அளவு, ஆழம், லோரி நடை, பாறை தட்டினால் கூடுதல் கட்டணம் எவ்வளவு, சேதப் பொறுப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது இருவருக்குமே பாதுகாப்பு. முன்பணத்தைச் சிறிதாக வைத்து, மீதியை வேலையைப் பார்த்தபின் கொடுங்கள். ரசீதில்லாமல் கொடுக்க வேண்டாம்.

அப்படியும் வேலை கெட்டுப்போனால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்குக் கோரிக்கை வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.